முதிய சைக்கிளோட்டியின் களைப்பு



பிரான்சு தேசத்திலே பாரிஸ் பகுதியிலிருந்து புறப்பட்டு, பிறெஸ்ற் துறைமுகம் வரை சென்று, மீண்டும் பாரிஸ் பகுதியை அடையும் சைக்கிளோட்டம் ஒன்று உண்டு. 1891ஆம் ஆண்டில் அது பந்தயமாகத் தொடங்கிற்று. இந்நாளிலோ நான்காண்டுக்கு ஒருமுறை நிகழும் நெடும்பயணமாக உள்ளது. தூரம் ஏறத்தாழ 1200 கிலோமீற்றர். மிகக் கூடிய கால எல்லை 90 மணித்தியாலம். செல்வோருள் அறுபதைக் கடந்தவரும் உளர். அவர்கள் இரவிலே தெருவோரப் புற்றரையிற் சற்றுக் கண்ணயர்ந்துவிட்டு, மறுபடியும் உழக்குகின்றனர். வழியிலுள்ள கிராமத்தவர் வாயிலில் மேசையிட்டுக் கோப்பியும் நீரும் வழங்குவர்.

இளைஞனுக்கு ஓரிரவில் ஆறும் களைப்பு முதியவனுக்கு மூன்று நாளாகியும் ஆறாதிருப்பது ஏன்? இது நான் பட்டுக் கேட்கும் கேள்வி. அறுபத்திரண்டாம் வயதில் ஒருநாள் நெடுந்தூரம் சென்று திரும்பினேன். கால்கள் இரும்பாய்க் கனத்தன. ஆயினும் மறுநாளும் சென்றேன்; அதற்கு மறுநாளும் சென்றேன். ஓய்ந்திருந்தாற் கிழவனாகிவிடுவேன் என்ற அச்சமே காரணம். நான்காம் நாள் ஒரு சிற்றேற்றத்தில் இறங்கி வண்டியை உருட்டிச் செல்ல நேர்ந்தது. சைக்கிளை விற்றுவிடவும் எண்ணினேன்.

உழக்கும் வேளையிலே தசை வலிமை பெறுவதில்லை; அதன் நார்கள் நுண்ணிதாகச் சிதைகின்றன, சேமித்த மாச்சத்தும் செலவாகின்றது. பின்னர் உண்டு உறங்கும் பொழுதிலேதான் வலிமை ஊறுகின்றது. மூப்பில் இப்பழுதுபார்க்கும் வேலை தாமதமாகலாம். அதே அளவு புரதத்தை உண்டாலும் முதிய தசை அதனை இளந்தசை போலப் பயன்கொள்வதில்லை. ஆழ்ந்த உறக்கமும் குறைகின்றது. தாகவுணர்வும் மந்தமாகின்றது, நா வறளுமுன்னரே நீர் அருந்துதல் வேண்டும். ஓட்டம் முடிந்து வந்ததும் வெறுந்தேநீரோடு நிறுத்திக்கொள்வது நம்மிற் பலர் வழக்கம். மீனோ முட்டையோ பருப்போ சோற்றுடன் போதியளவு உண்ணாவிடின் அன்றைய உழைப்பு வீணே.

இனி, றொபேர் மார்ஷான் என்னும் பிரெஞ்சுக்காரரைப் பற்றிச் சொல்லல் வேண்டும். 1911இற் பிறந்த இவர், இளமையிற் கைவிட்ட சைக்கிளை அறுபத்தேழாம் வயதில் மீண்டும் எடுத்தார். 2012இல், நூறு வயதில், ஒரு மணித்தியாலத்தில் 24.25 கிலோமீற்றர் ஓடினார். 2014இல் ஓடியதோ 26.927 கிலோமீற்றர்! இடையிலே வெரோனிக் பில்லா என்னும் உடற்றொழிலியல் அறிஞர் அவருக்குப் பயிற்சி வகுத்தார். ஆண்டுக்கு 5000 கிலோமீற்றர். அதில் ஐந்தில் நான்கு பங்கு இலேசான ஓட்டம், ஒரு பங்கே கடினமானது. உடல் நிறையின் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் நிமிடமொன்றில் அவர் உட்கொள்ளக்கூடிய ஒட்சிசன் 31 மில்லிலீற்றரிலிருந்து 35 ஆக உயர்ந்தது. இதயத்தின் உச்சத் துடிப்போ மாறவில்லை.

ஒருவர் கதை எல்லோர்க்கும் அளவுகோலாகாது. ஆயினும் என் பிழையை அதிற் கண்டேன். நானோ ஐந்து பங்கையும் மூச்சு வாங்க உழக்கிக்கொண்டிருந்தவன். இப்பொழுது அருகில் வருபவரோடு தடையின்றிப் பேசக்கூடிய வேகத்திலேயே பெரும்பாலும் செல்கின்றேன். கடின ஓட்டத்தின் பின் இரு நாள் வண்டியைத் தொடுவதில்லை. காலையிற் படுக்கையில் இருந்தவாறே நாடி பார்ப்பேன். வழமையிலும் விரைவாயின் அன்றும் ஓய்வு. அயலவர் சோம்பல் என்பர், என்னட்டும். நெஞ்சுவலி தோன்றினும், வழக்கத்துக்கு மாறாக மூச்சுத் திணறினும், பல நாள் ஓய்ந்தும் களைப்பு நீங்காவிடினும் அது வேறு விடயம். உடனே வைத்தியரிடம் செல்லுதல் வேண்டும்.

மார்ஷான் 2021இல், நூற்றொன்பதாம் வயதில் மறைந்தார். 2017இல், நூற்றைந்து வயதில், ஒரு மணித்தியாலத்தில் 22.547 கிலோமீற்றர் ஓடி இறங்கியபோது அவருக்கு ஒரு குறை இருந்தது. இன்னும் பத்து நிமிடமே உண்டு என்று காட்டிய பலகையைத் தாம் காணவில்லை என்றும், கண்டிருந்தால் இன்னும் விரைவாக ஓடியிருப்பேன் என்றும் சொன்னார்.