நகுல சகாதேவருக்குக் கிரேக்கத்திலே உறவினர்

(இளைஞர் மன்றக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் உற்சவத்திலே பாண்டவர் வனவாசம் புறப்படும் நாளன்று வீதியோரம் நின்று நாமெல்லாம் பார்த்திருக்கிறோம். எல்லார் கண்ணும் அருச்சுனனையும் வீமனையும் தேடும். நகுல சகாதேவரைத் தேடுவார் யார்? அவ்விருவரை முன்வைத்தே இன்று பேச எழுந்தோம்.

மிஷன் பாடசாலையிற் படித்த நாம் கிரேக்கரின் தெய்வக் கதைகளை ஆங்கில வாசகப் புத்தகத்திலேதான் முதலிற் கண்டோம். அங்கே கஸ்ரோர், பொலிடியூக்கஸ் என்று இரட்டையர் வருகின்றனர். 'சியூசின் பிள்ளைகள்' என்பது அவர்களின் பொதுப் பெயர். குதிரை வீரர்கள், புயலிற் சிக்கிய மாலுமிகளைக் காப்பவர்கள். வேதத்திலோ அசுவினி தேவர் என்னும் இரட்டையர். வானத்தின் புதல்வர், குதிரையின் பெயர் தாங்கியோர், நடுக்கடலிலே தத்தளித்த புஜ்யுவைக் கரை சேர்த்தவர்கள். இவர்களுடைய மைந்தரே நகுல சகாதேவர்.

இதைக் கண்டதும், "கிரேக்கர் நம்மிடம் திருடிவிட்டார்கள்! சியூஸ் என்பவன் இந்திரனே!" என்று விடுதியிலே மேசையைத் தட்டி வாதித்தோம். இரண்டும் பிழை. கையிலே இடியேந்தும் தொழிலால் சியூஸ் இந்திரனைப் போன்றவன்தான். ஆனால் பெயரைக் காது கொடுத்துக் கேளுங்கள்: கிரேக்கர் 'சியூஸ் பத்தேர்' என்றனர், உரோமர் 'யூப்பித்தர்' என்றனர், வேதம் 'த்யௌஸ் பிதா' என்றது. மூன்றும் வானத் தந்தை. 1786இல் கல்கத்தாவிலே வில்லியம் ஜோன்ஸ், இம்மொழிகள் ஒரு பொதுமூலத்திலிருந்து பிறந்திருக்கவேண்டும், அம்மூலம் இன்று இல்லாமலும் போயிருக்கலாம் என்று கூறினார். ஆகவே திருடனுமில்லை, பறிகொடுத்தவனுமில்லை. ஒரே பாட்டனின் பேரர்கள்.

ஆனால் பாட்டன் சொத்தோடு கிரேக்கர் நின்றுவிடவில்லை. அடோனிஸ் என்னும் பெயர் 'ஆண்டவன்' எனப் பொருள்படும் செமித்தியச் சொல். தந்தையை வீழ்த்தி அரசேறிய குரோனசைச் சியூஸ் வென்ற கதைக்கு முன்மாதிரி துருக்கியிலே, ஹத்துசா நகரின் களிமண் ஏடுகளிற் கிடைத்தது. வானரசனைச் சிதைத்து ஆட்சி பிடித்த குமர்பி பின்னர் இடித் தெய்வத்திடம் தோற்கிறான். அந்த ஏடுகள் கிரேக்கக் கவி ஹெசியட்டுக்குப் பல நூற்றாண்டுகள் முந்தியவை. அப்ரொடைற்றியின் சைப்பிரசுக் கோயிலுக்கு மூலம் அஸ்கலோன் நகரக் கோயிலே என்று கிரேக்கராகிய ஹெரோடொட்டசே கூச்சமின்றி எழுதிவைத்தார்.

இனி நம் வீட்டுக்கு வருவோம். தமிழ் அந்தப் பாட்டனின் வழி வந்ததன்று. தென்னாட்டு மொழிகள் தனிக் குடும்பம் என்பதை 1816இல் எல்லிஸ் காட்டினார். 1856இல் கால்டுவெல் விரித்தெழுதினார். (கால்டுவெல் மிஷனரி என்பதை நம் பழைய ஆசிரியர்களுக்காகச் சொல்லிவைக்கிறோம்.) அப்படியிருக்க, திரௌபதை இங்கே வந்தது எங்ஙனம்? வியாசரின் திரௌபதை வேள்வியிலே தோன்றியவள். ஆனால் அவள் பேரால் தீ மிதிப்பார் அந்த நூலில் இல்லை. தமிழ்நாட்டிலே, சிறப்பாகச் செஞ்சிப் பக்கத்திலே, அவளுக்குக் கோயில் எழுப்பித் தீக்குழியும் வெட்டினார்கள். அப்பகுதிக் கோயில்கள் பலவற்றில் முத்தால ராவுத்தன் என்னும் முஸ்லிம் வீரன் அம்மனுக்குக் காவல் நிற்கிறான்!

இப்பேச்சை எழுதும்போது பெரியவர் ஒருவரிடம் வாசித்துக் காட்டினோம். அவர் முகம் சுருங்கிற்று. "தம்பி, அப்படியென்றால் எங்கட அம்மன் வந்தேறியோ?" என்றார். நமக்கு நாக்கு எழவில்லை. அந்த அம்மனுக்கு நேர்ந்து நெருப்பிலே இறங்கியவர் அவர். நாமோ புத்தகத்தோடு போய் நின்றவர்கள். பிறகு மெல்லக் கேட்டோம்: "ஐயா, கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியிலே கொடி ஏறுகிறதே, அது யார் பேரால்?"

"நாகூர் ஆண்டகை பேரால்."

"நாகூர் எங்கே இருக்கிறது?"

அவர் சற்று நேரம் பேசவில்லை. பின்பு சிரித்துக்கொண்டே, "அந்தக் கொடியேற்றம் பார்க்க நானும் போயிருக்கிறேன், சரி, மிச்சத்தை வாசி" என்றார்.