குறுஞ்செய்தியும் தமிழ் எழுத்தும்

(கேளம்பாக்கத்தில் நடைபெற்ற வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



கைப்பேசிக் குறுஞ்செய்தி மொழியைக் கெடுக்கிறது என்னும் குற்றச்சாட்டு எங்கும் ஒலிக்கிறது. சுருக்கமே குற்றம் என்றால் நான் அதனை ஏற்கமாட்டேன். ஏழு சீரில் அறம் உரைத்த வள்ளுவரின் வழிவந்தவர்கள் நாம். 2013 ஜூலையில் விடைபெற்ற தந்தியும் சொல்லை எண்ணித்தான் காசு வாங்கியது. அதனால் எவரும் கடிதம் எழுத மறந்துவிடவில்லை.

தேய்வு வேறிடத்தில் நிகழ்கிறது. தமிழை ஆங்கில எழுத்தில் எழுதுகிறோமே, அங்கே நிகழ்கிறது. அதற்கு அந்நாளில் காரணம் இருந்தது. ஒரு குறுஞ்செய்தியில் ஆங்கில எழுத்தென்றால் 160 அடங்கும். ஒருங்குறித் தமிழென்றால் 70 குறிகளே அடங்கும். 'கி' என்னும் ஓரெழுத்தே இரண்டு குறிகளாகக் கணக்கிடப்படும். பல கைப்பேசிகளில் தமிழ் எழுத்துக்குப் பதிலாக வெறுங் கட்டங்களே தோன்றின. 2005இல் முத்து நெடுமாறனின் 'செல்லினம்' கைப்பேசியில் தமிழிலேயே செய்தி எழுத வகை செய்தது. இன்றைய வாட்ஸ்அப்பில் அந்த எழுபதின் எல்லையும் இல்லை. தடை நீங்கிற்று, பழக்கம் நீங்கவில்லை.

என் குற்றத்தையும் சொல்லிவிடுகிறேன். 2015ஆம் ஆண்டுப் பெருமழையின்போது, பழைய மாணவி ஒருத்தியின் தாயாருக்கு நெஞ்சுவலி. "அம்மாவுக்கு எப்படி இருக்கிறது?" என்று ஆங்கில எழுத்தில் கேட்டேன். அதே எழுத்தில் இரண்டு சொற்கள் விடையாக வந்தன. 'வலி இல்லை' என்று படித்து, நிம்மதியாக உறங்கினேன். அவள் எழுதியதோ 'வழி இல்லை' என்பது. தெருவெல்லாம் வெள்ளம், மருத்துவமனைக்குச் செல்ல வழியின்றித் தவித்திருக்கிறாள். மறுநாள் மீனவர் படகு வந்தது, தாயார் பிழைத்தார். இரவெல்லாம் நான் உதவிக்கு ஒருவரையும் அழைக்கவில்லை. தமிழில் முனைவர் பட்டம் பெற்ற எனக்கு, ஒரு ழகரம் இல்லாமையால் நேர்ந்தது இது.

ல, ள, ழ ஆகிய மூன்றும் நாவில் எங்கெங்கே பிறக்கின்றன என்று தொல்காப்பியர் பிறப்பியலில் பிரித்து வைத்தார். நாம் ஒரே எழுத்தில் அவற்றை அடைத்துவிட்டோம். மரமும் மறமும் ஒன்றாயின. அரையும் அறையும் ஒன்றாயின. விடைத்தாள்களிலும் இம்மயக்கத்தை ஆண்டுதோறும் காண்கிறேன். கைப்பேசி மட்டுமே காரணம் என்று கூறமாட்டேன். ஆயினும் நாள்தோறும் பழகாத எழுத்து கையில் நில்லாது.

இளைஞர்களை மட்டும் நோகவேண்டா. நம் வட்டத்தின் வாட்ஸ்அப் குழுவிலேயே கவிதைகள் தமிழில் வருகின்றன. அவற்றுக்கான பாராட்டுகள் ஆங்கில எழுத்தில் வருகின்றன! கவிதைக்கு மட்டும் தமிழெழுத்து என்றால், அது விழாவுக்கு உடுத்தும் பட்டாகிவிடும். அன்றாட உடையாகத் தமிழெழுத்தை உடுத்துவோம். கூட்டம் எத்தனை மணிக்கு என்று கேட்பதையும் தமிழெழுத்திலேயே கேட்போம். பதினோராம் ஆண்டின் முதற் செய்தியை இன்றிரவு அவ்வாறே அனுப்புங்கள். அதுவே இவ்விழாவில் நான் வேண்டும் பரிசு.