அழகு விளக்கும் வழி விளக்கும்

(சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



இம்மேடையிற் பேசுவோர் பெரும்பாலும் கற்றறிந்த பெரியார்கள். யானோ முப்பது வருட காலமாக வண்டிகளின் வயர்களோடும் பற்றரிகளோடும் பொழுது கழித்தவன். செயலாளர் என்னிடம் வந்து, "ஐயா, எங்கடை பெடியள் கனபேர் மோட்டார் சைக்கிளுக்குக் கலர் லைற் பூட்டுகினம். அதைப்பற்றி ஒருக்கால் வந்து சொல்லவேணும்" என்று கேட்டபொழுது, இதுவும் ஒரு பேச்சுக்குரிய பொருளா என்று முதலில் மறுத்தேன். பின்னர் ஒப்புக்கொண்டேன். ஒப்புக்கொண்டதற்குக் காரணம் ஒன்றுண்டு. அஃது எனக்குப் பெருமை தருவதன்று. ஆயினும் அதனை முதலிற் கூறிவிடுதலே முறை.

சில வருடங்களுக்கு முன் என் தமக்கையின் மகன் தன் சிநேகிதனுடைய கலியாணத்துக்குப் போகுமுன், வண்டியின் அடிப்பாகத்தில் நீலநிற விளக்குப் பட்டி ஒன்றைப் பூட்டித் தரும்படி கேட்டான். நேரமோ மாலையாகிவிட்டது. கைபிடிக்கு அருகே முன்விளக்குக் கூட்டினுள் இருந்த ஒரு வயரைச் சுரண்டி, அதிலிருந்தே மின்சாரத்தை எடுத்துக் கொடுத்தேன். பெடியன் கெட்டிக்காரன். "மாமா, பியூஸ் ஒண்டும் போடேல்லையோ?" என்று கேட்டான். "சின்ன லைற்தானே மோனை. கலியாணம் முடியட்டும், பிறகு போடுவம்" என்றேன்.

கலியாணம் முடிந்தது. ஆனால் அந்தப் "பிறகு" வரவேயில்லை. இரண்டு மாதங் கழித்து ஒரு மழையிரவில் அவன் தன் தங்கையைப் பின்னால் ஏற்றிக்கொண்டு வயல்வெளி வீதியால் வந்துகொண்டிருந்தான். ஒரு வளைவிற் கைபிடியைத் திருப்பியபொழுது, யான் இழுத்துவிட்ட வயர் சட்டகத்தின் இரும்பு விளிம்பில் உரசி உரசித் தோலிழந்திருந்த இடம் இரும்பைத் தொட்டது. வண்டியின் பிரதான உருகி எரிந்தது. அழகு விளக்கு மாத்திரமா அணைந்தது? முன்விளக்கு, பின்விளக்கு, எஞ்சின் எல்லாம் ஒரே கணத்தில் அடங்கின. இருளில் வளைவு தெரியாமல் இருவரும் வாய்க்காலுள் விழுந்தனர். மருமகனுக்குக் காறையெலும்பு முறிந்தது. தங்கைக்குச் சிராய்ப்புகள் மாத்திரமே. பின்னால் வந்த லொறிக்காரர் வீதியிற் கிடந்த வண்டியைத் தக்க தருணத்திற் கண்டு நிறுத்தியிராவிடின், இன்று இம்மேடையில் நிற்கும் தைரியம் எனக்கு இருந்திராது.

மறுநாள் அவ்வயரை அவிழ்த்துப் பார்த்தேன். செம்பு தெரிந்த இடம் ஒரு நெல்மணி அளவே. அந்த நெல்மணிதான் என்னை இங்கு பேசவைக்கிறது.

நிற்க. பெரியோர்களிற் சிலர், "இந்த வீண் ஆடம்பரமே வேண்டாம் என்று இவர்களுக்குச் சொல்லிவிட்டாற் போதாதா?" என எண்ணக்கூடும். யான் அவ்வாறு கூறமாட்டேன். நம் முன்னோர் மாட்டுவண்டிக்குச் சாயம் தீட்டினர். மாட்டுக்குச் சலங்கை கட்டினர். இரவில் வண்டியின் கீழே லாந்தர் தொங்கவிட்டனர். தன் வண்டியைத் தன் கையாற் சிங்காரிக்க விரும்பும் இளைஞன் ஒரு தொழிலைக் கற்க விரும்புகிறான் என்பதே என் எண்ணம். தடுத்தால் அவன் ஒளித்துச் செய்வான். ஒளித்துச் செய்தவன் உருகி போடமாட்டான். ஆதலால் முறையைக் கற்பிப்பதே நன்று.

எல்.ஈ.டி. எனப்படும் இவ்விளக்கைப் பாடப்புத்தகங்கள் ஒளிகாலும் இருவாயி என்று கூறும். திண்மப் பொருளொன்றில் மின்சாரம் பாய ஒளி தோன்றுவதை 1907 ஆம் ஆண்டில் ஹென்றி றவுண்ட் என்பவர் கண்டார். 1962 இல் அமெரிக்காவில் நிக் ஹொலொனியாக் கண்ணுக்குத் தெரியும் செந்நிற ஒளி தரும் இருவாயியைச் செய்தார். நீலநிறமோ எளிதில் அகப்படவில்லை. பிரகாசமான நீல விளக்கு 1990களிலேதான் கைகூடிற்று. நீலம் கிடைத்த பின்னரே இன்று நாம் காணும் வெண்ணிற எல்.ஈ.டி.யும் பரவியது. அதற்காக அக்காசாக்கி, அமானோ, நக்கமுறா என்னும் மூவருக்கும் 2014 இல் பௌதிகத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. அறிஞர்கள் பல்லாண்டு உழைத்துத் தேடிய ஒளி இன்று மீற்றர் கணக்கிற் சுருளாகக் கடையிற் கிடைக்கிறது. மலிவாகக் கிடைக்கும் காரணத்தால் அதனை அலட்சியமாகப் பூட்டலாமா?

இனித் தொழிலுக்கு வருவோம். முதலில் அறியவேண்டியது, அந்த விளக்கு எவ்வளவு மின்சாரம் கேட்கிறது என்பது. மீற்றருக்கு அறுபது விளக்குகள் கொண்ட பட்டிகளில் இருவகை உண்டு. 3528 என்னும் சிறுவகை மீற்றருக்கு ஏறத்தாழ 4.8 வாற் எடுக்கும். 5050 என்னும் பெருவகை ஏறத்தாழ 14.4 வாற் எடுக்கும். இரண்டு மீற்றர் பூட்டினால் முன்னது 10 வாற்றுக்குச் சற்றுக் குறைவு. பின்னது 29 வாற்றுக்குச் சற்றுக் குறைவு. சிறிய வண்டியின் முன்விளக்குப் பல்ப் பெரும்பாலும் 35 வாற்தான் என்பதை நினைவிற் கொள்ளுங்கள். "எல்.ஈ.டி. ஒன்றும் எடாது" என்று சொல்லுவோர் இக்கணக்கைப் பார்த்தவரல்லர். ஐந்து அம்பியர்-மணி கொண்ட பற்றரியில், எஞ்சினை நிறுத்திவிட்டு, பெருவகைப் பட்டியை இரண்டு மணி நேரம் எரியவிட்டால் பற்றரி ஏறக்குறைய வெறுமையாகிவிடும். அதன்பின் உதைத்துத்தான் எஞ்சினை இயக்கவேண்டும். உதைக்கும் நெம்பு இல்லாத வண்டியாயின் தள்ளவேண்டும்.

இரண்டாவது, 12 வோல்ற் என்று எழுதியிருப்பதை அப்படியே நம்பவேண்டாம். பட்டியில் மும்மூன்று விளக்குகள் ஒரு வரிசையாகவும், அவ்வரிசைக்கு ஒரு தடையுமாக அமைந்திருக்கும். வெண்ணிற விளக்கு ஒன்று ஏறத்தாழ 3.2 வோல்ற் எடுத்துக்கொள்ளும், மூன்றுக்கும் 9.6. 12 வோல்ற் கொடுத்தால் எஞ்சிய 2.4 வோல்ற் தடையின்மேல் விழும். ஆனால் எஞ்சின் ஓடும்பொழுது பற்றரியின் முனைகளில் 14 வோல்ற்றுக்கு மேல் நிற்கும். அதனை 14.4 என்று கொள்வோம். அப்பொழுது தடையின்மேல் விழுவது 4.8 வோல்ற். கொடுத்தது ஐந்திலொரு பங்கு கூடிற்று. ஓட்டமோ ஏறத்தாழ இரட்டித்தது. தடையிற் பிறக்கும் வெப்பம் நான்கு மடங்காயிற்று! வீட்டு அலுமாரிக்கென வாங்கிய பட்டி வண்டியிற் சில வாரங்களிற் கருகுவதன் இரகசியம் இதுவே. ஆகையால் வாகனத்துக்கென்று செய்த பட்டியை வாங்குங்கள். அல்லது மின்னழுத்தத்தை நிலைநிறுத்தும் சிறு கருவியை இடையிற் சேருங்கள். சில பழைய வண்டிகளில் முன்விளக்குக்குப் போவது பற்றரி மின்சாரமன்று. எஞ்சினிலிருந்து நேரே வரும் ஆடலோட்டம். அதிற் பட்டியைத் தொடுக்கவே கூடாது. மீற்றர் வைத்துப் பார்த்த பின்னரே வயரிற் கைவையுங்கள்.

மூன்றாவது, யான் தவறிய இடம். அழகு விளக்குக்குத் தனிவழி வேண்டும். வண்டியோடு வந்த வயரைச் சுரண்டி அதன் தோளில் இதனை ஏற்றாதீர்கள். பற்றரியின் நேர்முனையிலிருந்து ஒரு புதிய வயர் எடுங்கள். முனையிலிருந்து ஒரு சாணுக்குள் உருகி ஒன்றை வையுங்கள். பட்டி ஓர் அம்பியர் எடுக்குமாயின் 2 அம்பியர் உருகி போதும். இரண்டு மீற்றர் பெருவகைக்கு 3 அல்லது 4 அம்பியர். உருகி விளக்கைக் காப்பதற்கு என்று பலர் கருதுகின்றனர். அது பிழை. உருகி காப்பது வயரை; வயர் மூலமாக வண்டியை; வண்டி மூலமாக உங்களை. பற்றரி முனைக்கும் உருகிக்கும் இடைப்பட்ட வயருக்கு யாதொரு காவலுமில்லை. அதனாலேதான் அத்துண்டு குறுகியதாக இருக்கவேண்டும்.

உருகியைக் கடந்தபின் ரிலே ஒன்றைப் பூட்டுக. அதன் அடியில் 30, 85, 86, 87 என்று இலக்கங்கள் இருக்கும். உருகியிலிருந்து வரும் வயர் 30க்கு, பட்டிக்குப் போவது 87 இலிருந்து, 85 சட்டகத்துக்கு, 86க்கு வண்டியின் சிறுவிளக்கு வயரிலிருந்து ஒரு சமிக்ஞை. இவ்வாறு செய்தால் பழைய வயர் சுமப்பது ரிலேயின் சுருளுக்கு வேண்டிய சிறு ஓட்டத்தை மாத்திரமே. அந்தச் சமிக்ஞை வயருக்கும் ஓர் அம்பியர் உருகி போடுதல் நன்று. திறப்பைத் திருப்பி எடுத்ததும் அழகு விளக்கும் தானே அணைந்துவிடும், பற்றரியும் தப்பும். விரும்பியபோது அணைக்க ஓர் ஆளியும் வைத்துக்கொள்ளலாம்.

நான்காவது, வயர் செல்லும் பாதை. கைபிடி திரும்பும் இடத்தில் வயருக்குத் தளர்வு கொடுங்கள். புகைக்குழாய்க்குக் கிட்டவும், சங்கிலிக்குக் கிட்டவும் கொண்டுபோகாதீர்கள். இரும்பு விளிம்பைத் தாண்டுமிடத்தில் உறை போடுங்கள். மூட்டுகளை வெறுமனே முறுக்கி ரேப் சுற்றுவது நம்மவர் வழக்கம். வெயிலிற் பசை உருகும், மழையில் நீர் புகும், செம்பு பச்சையாகும். மூட்டை ஈயத்தாற் பற்றவைத்து, சூடுகாட்டச் சுருங்கும் குழாயை அதன்மேற் போடுங்கள். பட்டியை வெட்டவேண்டுமாயின் குறியிட்ட கோட்டில் வெட்டி, வெட்டுமுனையைச் சிலிக்கன் பசையால் மூடுங்கள்.

வேலை தொடங்குமுன் பற்றரியின் மறைமுனையை முதலிற் கழற்றுங்கள். வேலை முடிந்தபின் அதனையே இறுதியிற் பூட்டுங்கள். மாறிச் செய்தால் நேர்முனையிற் பிடித்த சாவி சட்டகத்தைத் தொட்டதும் தீப்பொறி பறக்கும். முடிந்தபின் கைபிடியை இடமும் வலமும் முழுவதும் இருபது தரம் திருப்பிப் பாருங்கள். தண்ணீர் தெளித்துப் பாருங்கள். கால்மணி நேரம் எரியவிட்டு மூட்டுகளைத் தொட்டுப் பாருங்கள். சூடாயிருந்தால் அங்கே பிழை உண்டு. கடைசியாக, எரியும்பொழுதே அழகு விளக்கின் உருகியைக் கழற்றுங்கள். முன்விளக்கு எரிகிறதா? பின்விளக்கு எரிகிறதா? எஞ்சின் ஓடுகிறதா? மூன்றுக்கும் ஆம் என்றாற்றான் வேலை முற்றுப்பெற்றது.

ஒளியின் நிறத்தைப்பற்றியும் ஒரு வார்த்தை. முன்னால் வெள்ளை, பின்னாற் சிவப்பு என்பது வீதியின் பாஷை. முன்புறம் சிவப்புக் காட்டலாகாது என்பதை 1968 ஆம் ஆண்டு வியன்னா வீதிப் போக்குவரத்து உடன்படிக்கையும் கூறுகிறது. இருளில் எதிரே வருபவன் உங்கள் வண்டி வருகிறதா போகிறதா என்பதை நிறங்கொண்டே அறிகிறான். மின்னி மின்னி எரியும் நீலமும் சிவப்பும் அம்புலன்சுக்கும் பொலிசுக்கும் உரியன. ஓர் அம்புலன்சுக்கு வழிவிடப் பழகிய கண்ணை நாம் ஏமாற்றலாமா? நம் நாட்டில் வாகன விளக்குகள் 1951 ஆம் ஆண்டின் மோட்டார்ப் போக்குவரத்துச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவை. 2025 ஜனவரியிற் பஸ்களிலும் முச்சக்கர வண்டிகளிலும் பூட்டிய மேலதிக அலங்காரங்களைப் பொலிசார் கழற்றச் செய்ததை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். ஆகவே பூட்டுமுன் திணைக்களத்திற் கேட்டறிந்து, அனுமதியில்லாததைப் பொது வீதியில் எரியாது விடுங்கள். எரியும் விளக்கும் நிலத்தை நோக்கி இருக்கட்டும். பட்டி பிறர் கண்ணுக்கோ உங்கள் கண்ணுக்கோ நேரே தெரியலாகாது. இருளுக்கு முற்றாகப் பழகக் கண்ணுக்கு இருபது முப்பது நிமிடம் வேண்டும். பெற்றோல் தாங்கியின் அருகே ஒளிரும் ஒரு பட்டி அதனைக் கணத்திற் கெடுத்துவிடும்.

சகோதரர்களே, சொல்லியவற்றையெல்லாம் மறந்தாலும் ஒன்றை மறவாதிருங்கள். அழகு விளக்கு கெடலாம். அது கெடும்பொழுது தனியே கெடவேண்டும். வழிகாட்டும் விளக்கைத் தன்னோடு இழுத்துக்கொண்டு போகலாகாது.

என் மருமகனின் எலும்பு பொருந்திவிட்டது. அவன் வண்டியில் இன்றும் அழகு விளக்கு உண்டு. இம்முறை அவனே பூட்டினான். யான் அருகில் நின்று வயர் பிடித்துக் கொடுத்தேன். வேலை முடிந்ததும் உருகியைக் கழற்றி என் கையிலே தந்து, "மாமா, இப்ப பாருங்கோ" என்றான். அழகு விளக்கு அணைந்தது. முன்விளக்கு நின்று எரிந்தது. முப்பது வருடத் தொழிலில் என் மனத்துக்கு அவ்வளவு நிறைவு தந்த வெளிச்சம் வேறில்லை.

வரும் ஞாயிறு முதல் மாலை வேளைகளில் என் பட்டறை உங்களுக்குத் திறந்திருக்கும். ஏற்கெனவே விளக்குப் பூட்டியவர்கள் வண்டியைக் கொண்டுவாருங்கள். உருகி இல்லாதவற்றுக்கு இருவருமாகச் சேர்ந்து பூட்டுவோம். "பிறகு" என்று மாத்திரம் சொல்லவேண்டாம்.