லார்கின் வீட்டு மாப்பிள்ளை

ஆங்கில எழுத்தாளர் எச். ஈ. பேட்ஸ் 1958இல் வெளியிட்ட 'த டார்லிங் பட்ஸ் ஆஃப் மே' நாவல், கடமை தவறாத ஓர் இளம் வரி அலுவலர் கவலையறியாத கிராமக் குடும்பமொன்றில் மாப்பிள்ளையாகும் கதை. புறத்தே இது நகைச்சுவை நாவல். அகத்தே, மனிதன் எதற்காக உழைக்கிறான் என்ற கேள்வியை எழுப்பும் நூல்.

ஆசிரியரும் காலமும்

பேட்ஸ் 1905இல் நார்தாம்ப்டன்ஷயரில், காலணித் தொழிலுக்குப் பெயர்பெற்ற ரஷ்டன் என்னும் ஊரில் பிறந்தார். பின்னர் கென்ட் மாவட்டத்தின் லிட்டில் சார்ட் கிராமத்தில் குடியேறி, 1974இல் மறையும்வரை அப்பகுதியிலேயே வாழ்ந்தார். இரண்டாம் உலகப் போரின்போது விமானப் படையில் சேர்ந்து, 'ஃப்ளையிங் ஆபிசர் எக்ஸ்' என்ற புனைபெயரில் விமானிகளைப் பற்றிச் சிறுகதைகள் எழுதினார்.

போர் முடிந்த பின்னும் பிரிட்டனில் தட்டுப்பாடு தீரவில்லை. 1940இல் தொடங்கிய உணவுப் பங்கீடு 1954 ஜூலையில்தான் முற்றிலும் நீங்கியது. நாவல் வெளிவந்த ஆண்டில் வருமான வரியின் பொது விகிதம் பவுனுக்கு எட்டரை ஷில்லிங், அதாவது 42.5 விழுக்காடு. பங்கீட்டு அட்டைக்கும் வரிப் படிவத்துக்கும் பழகிக் களைத்திருந்த வாசகர்களின் முன்னே, வயிறார உண்டு மனமாரச் சிரிக்கும் ஒரு குடும்பத்தைப் பேட்ஸ் நிறுத்தினார்.

வந்தவரும் வரவேற்றவர்களும்

குடும்பத் தலைவர் பாப் லார்கின் பழைய இரும்பும் தட்டுமுட்டுச் சாமானும் வாங்கி விற்பவர். அவருக்கும் அவருடைய துணைவி மாவுக்கும் ஆறு பிள்ளைகள். இருவரும் முறைப்படி மணம் செய்துகொள்ளவே இல்லை. பாப் வரிப் படிவம் நிரப்பியதும் இல்லை. அதைக் கேட்டு வருகிறார் வரி அலுவலர் செட்ரிக் சார்ல்டன். மெலிந்த உடல், கூச்ச சுபாவம், கையில் படிவம்.

லார்கின் குடும்பம் அவரை விரட்டவில்லை. சாப்பிட உட்காரச் சொல்கிறது. மது தருகிறது. மூத்த மகள் மாரியெட்டின் அழகு மீதியைச் செய்கிறது. அன்றிரவு பில்லியர்ட்ஸ் மேசையே அவருக்குப் படுக்கை. அடுத்து அலுவலகத்துக்கு நோய்விடுப்பு. அதன்பின் ஸ்ட்ராபெரித் தோட்டத்தில் பழம் பறிக்கும் வேலை. செட்ரிக் என்ற பெயரும் மறைந்து, வீட்டார் வாயில் அவர் சார்லி ஆகிறார். நாவல் முடியும்போது அவர் மாரியெட்டின் கணவராகப் போகிறவர்.

உழைப்பின் இரு முகங்கள்

இக்கதையைச் சோம்பலின் வெற்றி என்று படிப்பது பிழை. பாப் ஓயாமல் வாங்குகிறார், விற்கிறார். மாவின் அடுப்பு அணைவதே இல்லை. ஸ்ட்ராபெரிப் பருவத்தில் குடும்பமே தோட்டத்தில் நிற்கிறது. அவர்கள் அறியாதது கடிகாரத்துக்கும் மேலதிகாரிக்கும் அஞ்சிச் செய்யும் வேலை. சார்ல்டன் அறிந்ததோ அது ஒன்றுதான். பலனைக் கண்ணால் பார்த்து, மாலையில் பந்தியில் உட்கார்ந்து பகிர்ந்துகொள்ளும் உழைப்பை அவர் இந்த வீட்டில்தான் கற்கிறார்.

அவர் கொண்டுவந்த திறமையும் வீணாவதில்லை. மாவை இனியாவது மணந்துகொள்ளலாமா என்று பாப் யோசிக்கும் கட்டத்தில், மணந்தால் வரி கூடும் என்று எச்சரிப்பவர் சார்ல்டனே. அரசுக்காகக் கற்ற கணக்கு, குடும்பத்தின் காப்பாக மாறிவிடுகிறது. வேற்று மனிதர் வீட்டு மனிதராகிவிட்டதற்கு இதைவிடத் தெளிவான சான்று நாவலில் இல்லை.

தீராத கணக்கு

ஆயினும் ஒரு நியாயமான கேள்வி எஞ்சி நிற்கிறது. 1948இல் தொடங்கிய தேசிய நலவாழ்வுச் சேவை பெரும்பாலும் வரிப்பணத்தில் நடப்பது. லார்கின் குடும்பம் அதன் பயனைப் பெறுகிறது. செலவில் பங்கு கொடுப்பதில்லை. எல்லாரும் பாப்பைப் போல வாழ்ந்தால் மருத்துவமனை ஏது, பள்ளி ஏது? இந்தப் பொதுக் கடமையைப் பேட்ஸ் சிரிப்போடு கடந்து போகிறார். நாவலின் குறை இது.

வரவேற்பு

லார்கின் வரிசையில் மேலும் நான்கு நூல்கள் வந்தன. கடைசி நூல் 1970இல் வெளியானது. ஹாலிவுட் 1959இல் கதைக்களத்தை மேரிலாந்துக்கு மாற்றி 'த மேட்டிங் கேம்' என்ற படத்தை எடுத்தது. 1991 முதல் 1993 வரை ஐடிவி தொலைக்காட்சியில் வந்த தொடரில் டேவிட் ஜேசன் பாப்பாகவும் ஃபிலிப் ஃபிராங்க்ஸ் சார்ல்டனாகவும் நடித்தனர். மாரியெட்டாக நடித்த கேத்தரின் ஸீட்டா ஜோன்ஸுக்குப் பெரும்புகழ் தந்தது அத்தொடரே.

முடிவு

வந்தவரின் உழைப்பை மதித்து அதற்கொரு வேலை கொடுக்கும் வீடும், வீட்டாரின் மகிழ்ச்சியைக் குற்றமாகக் காணாத மருமகனும் சேர்ந்தால் அந்த உறவு நிலைக்கும். நாவல் சொல்லும் இந்த உண்மை எந்த நாட்டுக் குடும்பத்துக்கும் பொருந்தும். லார்கின் வீட்டுப் பந்தியின் மகிழ்ச்சியை வாசகர்கள் ஏற்றுக்கொள்ளட்டும். அந்த வீடு கட்டாமல் விட்ட வரியை மறக்காமலும் இருக்கட்டும்.