பழைய துவிச்சக்கர வண்டியின் வயது

பழைய துவிச்சக்கர வண்டியின் வகையையும் வயதையும் அறிய விழைவோர் முதலில் வர்ணத்தையும் பெயர்ச் சின்னத்தையுமே நோக்குவர். அவை நம்பத்தக்க சாட்சிகளல்ல. வர்ணம் பூசுவோன் ஒரே நாளில் இரண்டையும் மாற்றிவிடுவான். உலோகத்தையே வினவுதல் வேண்டும்.

இலங்கையிலும் பெயர்பெற்ற நொட்டிங்காம் நகரத்து றலி வண்டியை எடுத்துக்கொண்டால், அதன் பின்சக்கரக் குடம் பெரும்பாலும் ஸ்டேர்மி-ஆர்ச்சர் நிறுவனத்தாருடையது. மூன்று வேகக் குடத்திற் படிந்த எண்ணெய்க் கறையைத் துடைத்தால், ஏ.டபிள்யூ. என்னும் எழுத்துக்களுக்கருகே 56 என்பது போன்ற ஈரிலக்கம் தோன்றும். 1956ஆம் ஆண்டிற் செய்யப்பட்டது என்பது பொருள். அடுத்திருக்கும் எண் மாதம். ஆயினும் அது குடத்தின் வயது மட்டுமே. சக்கரம் இடையில் மாற்றப்பட்டிருக்கலாம் அல்லவா? ஆகவே சட்டத்தையும் ஆராய்தல் வேண்டும்.

மிதியச்சுப் பூட்டப்படும் குழலில் அங்குலத்துக்கு 26 திருகுபுரிகள் இருப்பின், நொட்டிங்காம் வேலையென்று பெரிதும் நம்பலாம். பிற ஆங்கில வண்டிகளில் 24 புரிகளே வழக்கம். இவ்வேறுபாட்டை அறியாது 24 புரிக் கிண்ணத்தை வலிந்து முடுக்கினால், அரை நூற்றாண்டு உழைத்த சட்டம் ஒரு நிமிடத்திற் பாழாகும். பழுதுபார்ப்போர் இதிற் காட்டும் அவசரம் வருந்தத்தக்கது.

ஆசனத்தண்டின் விட்டமும் பேசும். 27.2 மில்லிமீற்றர்த் தண்டு செவ்வையாகப் பொருந்துமாயின், சட்டம் 1935இல் வெளிவந்த றெனோல்ட்ஸ் 531 போன்ற, மெல்லிய சுவருடைய உயர்ந்த உருக்குக் குழாய்களாலானதாக இருத்தல் கூடும். அத்தகைய றலி வண்டியிற் புரி 24 ஆயிருந்தால், 1960இல் அந்நிறுவனம் வாங்கிய கார்ல்டன் பட்டறையின் கைவேலையாகவும் இருக்கலாம். பாரமான சாதாரண வண்டியில் அத்தண்டு நுழையவே நுழையாது.