முதலுக்கே முதல் இடம்!

(தலைப்பு: சிறு வியாபாரம் நிலைக்கப் பெரிதும் வேண்டுவது நாணயமா? கைமுதலா? ‘கைமுதலே’ என்னும் அணியில் நின்று பேசியது.)

நடுவர் அவர்களே! நாணயத்தைத் தவிர வேறொன்றும் கையில் இல்லாமல் வந்திருக்கிற எதிரணி நண்பர்களே! (சிரிப்பு) அரங்கத்தில் இருக்கிற பெரியோர்களே, தாய்மார்களே! வீட்டில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருக்கிற அன்பு நெஞ்சங்களே! அனைவருக்கும் என் முதல் வணக்கம்.

பாருங்க, வணக்கத்துக்கே முதல் தேவைப்படுது! (கைதட்டல்)

தமிழில் இந்த ‘முதல்’ என்கிற சொல் இருக்கிறதே, அது போகாத இடமே இல்லை. வரிசையில் முன்னால் நிற்பது முதல். கடையில் போடுகிற பணம் முதல். திங்கள் முதல் வெள்ளி வரை என்றால் தொடக்கம். பேங்கில் கடனுடைய அசலுக்குப் பிரின்சிபல் என்று பெயர். கல்லூரியின் தலைவருக்கும் பிரின்சிபல் என்றுதான் பெயர். தமிழிலும் அப்படியே. அது முதல், இவர் முதல்வர். ரெண்டு பேரையும் நினைச்சாலே எனக்குத் தூக்கம் வராது! (சிரிப்பு)

இலக்கணத்துக்கு வாங்க. முதல் என்ற சொல்லோடு ‘ஐ’ என்னும் இரண்டாம் வேற்றுமை உருபைச் சேர்த்தால் என்ன வரும்? முதலை! அதனால்தான் கூட்டு வியாபாரத்தில் ஒருத்தர் ‘முதலை முழுங்கிட்டார்’ என்று சொன்னால், எதை எது முழுங்கியது என்று தெரியாமல் நாம் முழிக்கிறோம். (பலத்த சிரிப்பு)

வேடிக்கை இருக்கட்டும். எனக்கு முன்னால் பேசிய நண்பர் அருமையாகச் சொன்னார். ‘காசுக்கும் நாணயம் என்று பெயர், நேர்மைக்கும் நாணயம் என்று பெயர். ஆகவே நேர்மை இருந்தால் காசு தானாக வரும்’ என்றார். கேட்க இனிமையாகத்தான் இருந்தது. எங்க ஊர் மதுரையில் ஒரு பூக்கார அம்மா இருக்கிறார். அவரிடம் போய் இதைச் சொல்லிப் பாருங்கள்.

அந்த அம்மா விடியுமுன் எழுந்து மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டுக்குப் போவார். போகிற வழியில் வட்டிக்காரர் நிற்பார். ஆயிரம் ரூபாய்க் கடன். நூறு ரூபாயைப் பிடித்துக்கொண்டு 900 கையில் கொடுப்பார். சாயங்காலம் முழு ஆயிரத்தையும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். மறுநாள் காலையில் மறுபடி 900. இப்படியே வருஷக்கணக்காக நடக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்க. வருஷத்தில் 300 நாள் பூ விற்றால், 900 ரூபாய் முதலுக்கு அந்த அம்மா கொடுக்கிற வட்டி 30,000 ரூபாய்!

ஒருநாள் நான் என் படிப்பைக் காட்டினேன். ‘ஏன் ஆத்தா, தினம் நூறு ரூபா வட்டியாக் குடுக்கிறீங்களே! ஒன்பதே ஒன்பது நாள் அந்த நூறைச் சேர்த்து வச்சா, 900 ரூபா சொந்த முதல் ஆயிடுமே?’ என்றேன்.

அந்த அம்மா பூக்கட்டுகிற கையை நிறுத்தவில்லை. ‘நெசந்தான் சார். அவருக்கு நூறு போக மிச்சந்தான் அரிசி, பஸ்சு, பேத்திக்கு மருந்து. இதுல இன்னொரு நூறு எங்கிட்டு எடுத்துவைக்க? ஒன்பது நாள் பட்டினி கிடந்தா முதல் சேந்துரும். பூவைக் கட்ட ஆளு இருக்கணும்ல?’ என்றார்.

எம்.ஏ. படித்திருக்கிறேன், டாக்டர் பட்டம் வாங்கியிருக்கிறேன். பதில் சொல்லத் தெரியவில்லை.

எதிரணி நண்பர்களே! அந்த அம்மாவிடம் நாணயம் இல்லையா? ஒருநாள்கூடத் தவணை தவறியதில்லை. அந்த நாணயத்தை நம்பித்தானே ஈடு இல்லாமல், எழுத்து இல்லாமல் வட்டிக்காரர் பணம் கொடுக்கிறார்? அப்படியென்றால் அந்த நாணயத்தால் பிழைத்தது யார்? ஏழையின் நாணயம் ஏழைக்கு முதலாகவில்லை ஐயா, வட்டிக்காரருக்கு முதலாகிவிட்டது! (நீண்ட கைதட்டல்)

தொல்காப்பியர் முதற்பொருள் என்று எதைச் சொன்னார்? நிலத்தையும் பொழுதையும் சொன்னார். அகத்திணைக்குச் சொன்ன இலக்கணம் இந்தப் பூக்கூடைக்கும் பொருந்துகிறதே! உட்கார ஒரு இடம் வேண்டும், அது நிலம். மல்லிகை மொட்டு விரிவதற்குள் விற்றாக வேண்டும், அது பொழுது. நாணயமாக நடந்தால் பூ வாடாமல் இருக்குமா? நேரத்துக்குச் சரக்கு எடுக்கக் கையில் காசு இல்லையென்றால் நிலமும் போச்சு, பொழுதும் போச்சு!

வள்ளுவர் எங்கள் கட்சி. பெரியாரைத் துணைக்கோடல் அதிகாரத்தில், முதல் இல்லாதவர்க்கு லாபம் இல்லை. அதுபோலத் தாங்குகிற துணை இல்லாதவர்க்கு நிலைத்தல் இல்லை என்கிறார். ‘அங்கே அது வெறும் உவமைதானே’ என்று நண்பர் கேட்கலாம். உவமையாக எதைச் சொல்வார்கள்? எல்லாருக்கும் தெரிந்ததைச் சொல்லித்தான் தெரியாததை விளக்குவார்கள். முதல் இல்லாமல் லாபம் இல்லை என்பது வள்ளுவர் காலத்திலேயே ஊரறிந்த உண்மை. நண்பருக்குத்தான் இன்னும் தெரியவில்லை! (சிரிப்பு)

பானை செய்ய மண் முதற்காரணம், சக்கரமும் தண்டமும் துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம் என்று நம் தத்துவ நூலோர் சொல்வார்கள். குயவர் எவ்வளவு நாணயமானவராக இருந்தாலும், மண் இல்லாமல் எதை வைத்துப் பானை செய்வார்?

இன்னொன்றையும் சொல்லவேண்டும். இலக்கணத்தில் வினை செய்கிறவருக்கு வினைமுதல் என்று பெயர். பூத்தொடுக்கிறவர், மூட்டை தூக்குகிறவர், வண்டி தள்ளுகிறவர் எல்லாரும் வினைமுதல். ஆனால் கடைவீதியில் வேலை செய்கிறவரை யாராவது முதலாளி என்கிறார்களா? பணம் போட்டவர்தான் முதலாளி. இலக்கணம் கொடுத்த பட்டத்தைக் கடைவீதி பறித்துக்கொண்டது! (கைதட்டல்)

(நடுவர் மணி அடிக்கிறார்)

முடிக்கிறேன் ஐயா. மணிக்கும் வட்டி போட்டுவிடாதீர்கள்! 2003-இல் தமிழ்நாட்டில் கந்துவட்டித் தடைச் சட்டம் வந்தது. நாள் வட்டி, மணி வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று பெயர் சொல்லியே தடுத்தது. நல்ல சட்டம். ஆனால் வட்டிக்காரரைத் தடுத்தால் மட்டும் போதுமா? நாளைக் காலையில் அந்த 900 ரூபாய்க்கு அந்த அம்மா எங்கே போவார்? அதற்கும் வழி பார்த்தார்கள். 1989-இல் தருமபுரியில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் தொடங்கின. 2020-இல் மத்திய அரசு தெருவோர வியாபாரிகளுக்கு ஈடில்லாமல் முதல் தவணையாக 10,000 ரூபாய் வரை கடன் கொடுக்கும் திட்டம் கொண்டுவந்தது. ‘குழுவே நாணயத்தில்தானே நடக்கிறது’ என்று நண்பர் துள்ளுகிறார். ஒத்துக்கொள்கிறேன். பதினைந்து பெண்களின் நாணயம் ஒன்றுசேர்ந்து, சேமிப்பாகி, அவர்கள் கைக்கே முதலாக வந்தது. வந்த பிறகுதானே ஐயா அவர்களுக்கு விடிந்தது?

முதல் என்ற சொல்லுக்குக் காரணம் என்றும் ஒரு பொருள் உண்டு. நோயைப் பார், அடுத்து அந்த நோய்க்கு முதல் எது என்று பார் என்பது வள்ளுவர் மருத்துவருக்குச் சொன்ன வழி. அந்தப் பூக்கார அம்மாவின் வறுமை நோய். அதற்கு முதல் எது? சோம்பலா? இல்லை. நாணயக்குறைவா? இல்லவே இல்லை. முதல் இல்லாததுதான் ஐயா முதல்!

ஆகவே நடுவர் அவர்களே, அந்த அம்மாவிடம் போய் நேர்மையாக இரு என்று நாம் சொல்லவேண்டியதில்லை. அவர் நம்மைவிட நேர்மையாகத்தான் இருக்கிறார். அவருக்கு வேண்டியது கைமுதலே, கைமுதலே என்று தீர்ப்பு வழங்குங்கள் எனக் கேட்டு அமைகிறேன். (பலத்த கைதட்டல்)