ஏறுகிறவருக்கு ஒரு பிடிமானம்



திருச்செந்தூருக்குத் தென்மேற்கே, தேரிக்காட்டைத் தாண்டினால் இடையன்குடி. 1841இல் கால்டுவெல் ஐயர் என்ற மிஷனரி அங்கே ஊழியத்துக்கு வந்தார். ஊழியத்தோடு மொழி ஆராய்ச்சியும் செய்தார். திராவிட மொழிகளைப் பற்றிய அவருடைய ஒப்பிலக்கண நூல் 1856இல் லண்டனில் வெளியானது. அறிஞர் உலகம் அவரைத் திரும்பிப் பார்த்தது.

அதற்குப் பிறகு அவர் எங்கே போனார்? மறுபடியும் இடையன்குடிக்கே வந்தார். அதே மக்கள், அதே ஊழியம். அவர் கட்டிய பரிசுத்த திரித்துவ ஆலயம் 1880இல் பிரதிஷ்டையானது. 1891இல் மறைந்தபோது அந்த ஆலயத்திலேயே அவரை அடக்கம் செய்தார்கள்.

புகழ் வந்தது. வேர் அறுபடவில்லை. உயரப் போகிறவருக்கு அப்படியொரு பிடிமானம் வேண்டும்.

நம் ஊரில் பனையேறும் அண்ணாச்சியைப் பார்த்திருப்பீர்கள். காலில் தளைநார் போட்டுக்கொண்டுதான் ஏறுவார். பார்க்கிறவர்களுக்கு அது காலைக் கட்டிப்போட்டதுபோலத் தோன்றும். ஆனால் அந்தப் பிடிமானம் இருப்பதால்தான் அவரால் உச்சிவரை போக முடிகிறது. விசுவாசமும் அப்படித்தான். அது உங்களைக் கீழே இழுப்பதில்லை. ஏறும்போது வழுக்காமல் காக்கிறது.

அரசுத் தேர்வுக்குப் படிக்கிறீர்களா? கப்பலில் வேலை தேடுகிறீர்களா? சொந்தக் கடை வைக்க ஆசையா? தாராளமாக முயலுங்கள். ஆசைப்படுவது பாவமில்லை. ஆனால் வேலை மிகுதி என்று காலை ஜெபத்தை விட்டுவிடாதீர்கள். ஞாயிறு ஆராதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

இன்னொன்றும் செய்யுங்கள். நான் தேடும் வெற்றியால் அடுத்த வீட்டுக்காரருக்கு என்ன நன்மை என்று உங்களையே கேளுங்கள். பதில் கிடைத்தால் துணிந்து ஏறுங்கள். பிடிமானத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள்.